பிக் பாஸிலிருந்து கமலைத் துரத்தினார்களா?

"கமலைத் துரத்திப்போட்டுத்தான் விஜய் சேதுபதியைக் கொண்டுவந்தவங்கள். கமல் இல்லாமல் பிக் பாஸ் ஒருநாளும் நடந்ததில்லை" என்று ஒரு குரல்பதிவு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே பிழை.

2017 முதல் ஏழு சீசன்களை நடத்திய கமல், முன்பே ஒப்புக்கொண்ட படவேலைகளால் சிறிய இடைவெளி எடுப்பதாக 2024 ஆகஸ்டில் தானே அறிக்கை விட்டார். அதன் பிறகு, அக்டோபர் 6இல் எட்டாவது சீசன் விஜய் சேதுபதியோடு தொடங்கியது. அவரும் சின்னத்திரைக்குப் புதியவரல்ல. 2021இல் சன் டிவியில் மாஸ்டர் செஃப் நடத்தியவர். துரத்தினார்கள் என்பதற்குக் குரல்பதிவில் ஓர் ஆதாரமும் இல்லை, குரலில் மட்டும் நல்ல உறுதி.

இரண்டாவது கதை இன்னும் மோசம். 2021 நவம்பரில் கமலுக்குக் கொரோனா வந்தபோது ரம்யா கிருஷ்ணன் வந்து நடத்தினார். 2022இல் ஓடிடியில் வந்த பிக் பாஸ் அல்டிமேட்டைக் கமல் இடையில் விட, சிம்பு தொடர்ந்தார். இலங்கையிலிருந்து போன போட்டியாளர் லொஸ்லியாவுக்காக 2019 சீசனை விடாமல் பார்த்த எங்கள் ஆட்கள் இதையெல்லாம் எப்படி மறந்தார்களோ!

தெலுங்கில் முதல் மூன்று சீசனுக்கும் மூன்று பேர்: ஜூனியர் என்.டி.ஆர்., நானி, நாகார்ஜுனா. நிகழ்ச்சி அங்கேயும் நிற்கவில்லை.