பழக்கவழக்கம் மட்டும்தானா?
நோய்க்குக் காரணம் அவரவர் பழக்கவழக்கமே என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டதை ஏற்க முடியவில்லை. பிரிட்டனில் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. எல்லாருக்கும் நிலையான வேலை, இலவச மருத்துவம். இருந்தும் இதய நோய் மரணம் உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் மூன்று மடங்குக்கும் மேல். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் அந்த இடைவெளியில் பாதிக்குக்கூட விளக்கம் கிடைக்கவில்லை. என் சித்தப்பா இரவுக் காவலர். ஷிஃப்ட் முடியும்வரை கேட்டை விட்டு நகர முடியாது. அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டவர். அவரிடம் போய் நேரத்துக்குத் தூங்குங்கள் என்றால் என்ன செய்வார்? விழிப்புணர்வு முகாம் போதும் என்று மேலே ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சித்தப்பாவுக்கு அறிவுரை தேவையில்லை ஐயா, மாற்றிவிட இன்னொரு ஆளும் பக்கத்திலேயே ஒரு கழிப்பறையும்தான் தேவை.