எதுக்கெடுத்தாலும் "ட்ரிம் பண்ணுங்க ப்ரோ"வா?

ரிமோட் ஹெலிகாப்டர் புதுசா வாங்கினவங்க என்ன பிரச்சனைன்னு வந்தாலும் உங்க பதில் ஒண்ணுதான்: ட்ரிம், அதாவது ஸ்டிக்கோட நடுநிலையை லேசா நகர்த்துற ரிமோட் பட்டன். ஹெலி இடது பக்கம் ஓடுதா? "ட்ரிம் பண்ணுங்க ப்ரோ." நடுங்குதா? "ட்ரிம் பண்ணுங்க ப்ரோ." வால் ஆடுதா? அதுக்கும் அதேதான்! தலைவலிக்கும் முட்டிவலிக்கும் ஒரே தைலம் விக்கிற ஆள் மாதிரி, 450 சைஸ் (325 மில்லிமீட்டர் பிளேடு போடுற அளவு) ஹெலி புதுசா வாங்குற எல்லாருக்கும் இதையே சொல்லி அனுப்புறீங்களே, ஃப்ளைபார்லெஸ் ஹெலியில (ரோட்டரை நிலையா வெச்சிருக்கிற ஃப்ளைபார்ங்கிற கம்பி இல்லாத ஹெலி) அந்த பட்டன் என்ன பண்ணுதுன்னு தெரியுமா?

பழைய ஃப்ளைபார் ஹெலியில ட்ரிம் போட்டா ஸ்வாஷ்ப்ளேட் (பிளேடுகளோட கோணத்தை மாத்துற தட்டு) லேசா சாயும், அவ்வளவுதான். ஃப்ளைபார்லெஸ்ல நடுவுல ஒரு கைரோ யூனிட் (ஹெலி சாயுறதை, திரும்புறதை உணர்ந்து தானா திருத்துற கருவி) இருக்கு. ஸ்டிக்கோட ஒவ்வொரு அசைவும் "இந்த வேகத்துல சாயி"ங்கிற கட்டளையாத்தான் அதுக்குப் போகும். நீங்க சொன்னபடி நாலு க்ளிக் வெச்சா, ஸ்டிக்கை விட்ட பிறகும் "மெதுவா சாஞ்சுகிட்டே இரு"ன்னு கட்டளை போய்க்கிட்டே இருக்கும். ட்ரிம், சப்ட்ரிம் (ஒவ்வொரு சர்வோ மோட்டாரோட நடுநிலையையும் ரிமோட்லயே நகர்த்துற செட்டிங்) எல்லாம் பூஜ்யத்துல இருக்கணும்னு மேனுவல்ல எழுதியிருக்கிறது சும்மா இல்ல.

இன்னொண்ணு. மேலிருந்து பார்த்தா வலஞ்சுழியா சுத்துற ரோட்டர் (மேல் விசிறி) இருக்கிற ஹெலி, ஹோவர்ல (அந்தரத்துல ஒரே இடத்துல நிக்கும்போது) கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சுதான் நிக்கும். உடம்பு திரும்பாம இருக்க வால் ரோட்டர் தள்ளுற தள்ளு, மொத்த ஹெலியையும் இடது பக்கம் நகர்த்தும். அதை ஈடுகட்டத்தான் இந்தச் சாய்வு. இது கோளாறே இல்ல. இதையும் "சரி" பண்ணக் கிளம்பிடுறாங்க!

உண்மையான கோளாறு பெரும்பாலும் ரோட்டர் ஹெட்ல இருக்கும். ஒரு தடவை விழுந்துச்சுன்னா ஃபெதரிங் ஷாஃப்ட் (பிளேடுகளைத் தாங்குற குறுக்குத் தண்டு), மெயின் ஷாஃப்ட் (ரோட்டரைச் சுத்துற நெட்டுத் தண்டு) ரெண்டையும் கழட்டிக் கண்ணாடி மேல உருட்டுங்க. அடியில வெளிச்சம் வந்து வந்து மறைஞ்சா வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். தட்டி நிமிர்த்தாதீங்க, மாத்துங்க. வளைஞ்ச ஷாஃப்ட் தர்ற அதிர்வுல கைரோ சென்சார் குழம்பி, ஹெலி தானா ஒரு பக்கம் நகரும். அதைத்தான் நீங்க ட்ரிம்மால துரத்திக்கிட்டிருக்கீங்க. மாத்தும்போது ஸ்க்ரூவுக்கு நீல த்ரெட்லாக் (ஸ்க்ரூ தளராம பிடிக்கிற பசை) ஒரு சொட்டு. உலோகத்துல உலோகம் ஏறுற இடத்துல மட்டும். பிளாஸ்டிக்ல பட்டா வெடிப்பு விடும்.

பிளேடு போல்ட்டை முழு பலத்தோட முறுக்குறதும் தப்பு. ஹெலியைப் பக்கவாட்டுல பிடிச்சா பிளேடு தானா தொங்கக்கூடாது, லேசா குலுக்கினா மடங்கணும். அப்புறம் ட்ராக்கிங், அதாவது ரெண்டு பிளேடும் ஒரே தளத்துல சுத்துதான்னு பார்க்குறது: ஒரு பிளேடு நுனியில கலர் டேப் ஒட்டி, தள்ளி நின்னு, கண்மட்டத்துல பாருங்க. ரெண்டு தட்டாத் தெரிஞ்சா ஒரு பிளேடோட லிங்க்கை (கோணத்தை மாத்துற இணைப்புக் கம்பியை) அரைச் சுத்து, முழுச் சுத்துன்னு திருப்பி ஒண்ணாக்கணும்.

வால் வேகமா வெடவெடன்னு ஆடினா கைரோ கெயின் (கைரோ எவ்வளவு பலமா திருத்தணுங்கிற அளவு) கூடுதல், குறைங்க. குறைச்சும் நிக்கலையா? சர்வோவிலிருந்து வால் ராடைக் கழட்டிக் கையால தள்ளிப் பாருங்க. ஸ்லைடர் (வால் பிளேடோட கோணத்தை மாத்த நகர்ற பாகம்) எங்கயாவது மாட்டினா கெயினை எங்க வெச்சாலும் ஆடத்தான் செய்யும்.

கத்துக்கொடுக்கிறதும் தலைகீழ். "பயமா இருந்தா தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்குங்க"ன்னு எவர் ஆரம்பிச்சாரோ! அந்த உயரத்துல ரோட்டர் தள்ளுற காத்து தரையில பட்டுத் திரும்பி ஹெலியை உலுக்கும், திருத்த இடமும் இருக்காது. 325 மில்லிமீட்டர் பிளேடுன்னா ரோட்டர் அகலம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். அதுக்கு மேல போனாத்தான் அமைதியாகும். சிமுலேட்டர்ல வால் நம்ம பக்கம் இருக்கிற ஹோவர் கைக்கு வந்த பிறகு, ட்ரெயினிங் கியர் (கவுந்துடாம இருக்கக் கீழ மாட்டுற அகலமான கால்) மாட்டி, 5, 6 மீட்டர் பின்னால நின்னு தூக்கட்டும். தரையில இருக்கும்போது ஸ்டிக்கைக் கிண்டக்கூடாது. ஹெலி அசைய முடியாம நிக்க, கைரோ யூனிட் ஸ்வாஷ்ப்ளேட்டை மேலும் மேலும் சாய்க்கும். தூக்கின உடனே கவுந்துடும். பாதி எடை தரையில இருக்கிற நிலையில தயங்கி நிக்காம ஒரே சீரா எழுப்பணும்.

சர்வோ ஆர்ம், ஸ்வாஷ் லெவல், நடு ஸ்டிக்ல 0 டிகிரி பிட்ச் (பிளேடு கோணம்), இதெல்லாம் பெஞ்சில பார்க்குறப்ப மோட்டாரோட மூணு ஒயர்ல ரெண்டைக் கழட்டி வைங்க. தப்பித்தவறி மோட்டார் ஓடிட்டா, 2500 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 2500 சுத்து) பிளேடு நுனி மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும், உங்க முகத்துக்கு அரை மீட்டர் தள்ளி.