ஒப்படைக்கு அட்டை போடாத பிள்ளை

பிந்திக் கொடுத்த ஒப்படைக்கு, அதாவது வீட்டில் செய்துவரச் சொன்ன பாட வேலைக்கு, 10 புள்ளி குறைப்பேன். அட்டை போடாமல் கொண்டுவந்தால் இன்னும் 5. படம் ஒட்டாவிட்டால் அதற்கும் கொஞ்சம் கையை வைப்பேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் என் சட்டம் இதுதான். எல்லாருக்கும் ஒரே சட்டம், பிறகென்ன குறை என்று நினைத்திருந்தேன்.

தரம் பத்தில் ஒரு பையன். பெரும்போக வேளாண்மை கதிர் தள்ளினால் இரவில் அப்பாவோடு வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போய்விடுவான், யானைக் காவலுக்கு. விடியும்வரை பரணில் முழித்திருந்துவிட்டு, காலை மணி அடிக்கும்போது வகுப்பில் குந்தியிருப்பான். கண் மட்டும் வட்டையிலேயே நிற்கும். உணவுச் சங்கிலி பற்றிய ஒப்படையைக் கொப்பியில் கிழித்த தாளில் இரண்டு நாள் பிந்தித் தந்தான். நெல், எலி, சாரைப்பாம்பு, பருந்து என்று தன் வயலையே எழுதியிருந்தான். எலிக்கு நஞ்சு வைத்தால் பருந்துக்கு என்ன நடக்கும் என்று நான் கேட்காததையும் எழுதியிருந்தான். என் சட்டப்படி அவனுக்கு 48. டவுனில் கலர் பிரிண்ட் எடுத்து, வழிகாட்டிப் புத்தகத்தை அப்படியே பார்த்து எழுதிய இன்னொரு பிள்ளைக்கு 85. அந்த 85இல் பிள்ளையின் விஞ்ஞானம் எவ்வளவு, தகப்பனின் மோட்டார் சைக்கிளும் கடைக்காரனின் பிரிண்டரும் எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

புத்தி வந்தபிறகு மற்றப் பக்கம் சாய்ந்தேன். அது இதைவிடப் பிழை. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன ஒரு பிள்ளை. சமையல், தம்பிமார், அம்மம்மாவின் மருந்து எல்லாம் அவள் தலையில். தவணைப் பரீட்சையில் 29 எடுத்தாள். பாவம் என்று 40 போட்டேன். அடுத்த தவணையும் அப்படியே. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது விஞ்ஞானத்தில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. “நீங்க பாஸ் எண்டுதானே போட்டீங்க டீச்சர்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த 29ஐ நான் மறைக்காமல் இருந்திருந்தால், அவளும் நானும் அதைப் பார்த்துக் கொஞ்சமாவது பயந்திருப்போம்.

ஆகவே விடைத்தாளில் இருக்கிற புள்ளியில் கை வைக்கக்கூடாது என்பது என் முடிவு. தெரிந்தது தெரிந்ததுதான், தெரியாதது தெரியாததுதான். ஆனால் வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு காசு இருந்தது என்பதை அளக்கிற எதற்கும் புள்ளி இல்லை. அட்டை, அலங்காரம், பிந்திய நாள் எல்லாம் அதில் அடக்கம்.

பல்கலைக்கழக அனுமதியில் இதற்கெல்லாம் பரிகாரம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறதுதான். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. இதை எடுத்துவிடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளிக்கு மாவட்டத்துக்கு உள்ளே கண் தெரியாது. மட்டக்களப்பு டவுனில் மூன்று ரியூசனுக்குப் போகிற பிள்ளையும், வட்டையிலிருந்து வருகிற பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் அடிபடவேண்டும். வாவிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று அந்தச் சூத்திரத்தில் ஒன்றும் இல்லை.

உண்மையில் எங்கள் பிள்ளைகளுக்கு நேரம் கொடுத்தது எந்தப் புள்ளித் திட்டமும் இல்லை, வாவிக்குக் குறுக்கே 2014இல் திறந்த மண்முனைப் பாலம்தான். அதற்கு முன் பாதைக்காக, அதாவது ஆட்களை அக்கரை சேர்க்கிற மிதவைக்காக, கரையில் காத்து நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பாடம் முழுதாகப் படித்து முடித்திருக்கலாம்.

எதிர்க்கதையும் உண்டு. “எங்கட பிள்ளை கஸ்டப்பட்டுத்தானே படிக்குது, நேரம் இரிக்கிறது அதுட பிழையா?” என்று ஒரு தாய் கேட்டார். பிழையே இல்லை. அவர் பிள்ளையின் விடைத்தாளில் ஒரு புள்ளிகூட நான் குறைக்கப்போவதில்லை. அப்புறம், வயலுக்குப் போனேன் என்று சொல்கிற எல்லாரும் வயலுக்குப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். சில ‘வயல்கள்’ பாடசாலை மைதானத்துக்குப் பின்னால், மட்டையும் பந்துமாக இருக்கின்றன. அதனால்தான் காரணம் விசாரித்துச் சலுகை கொடுக்கிற வேலையையே விட்டுவிட்டேன். யார் உண்மையில் கஷ்டப்படுகிறார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதவான் இல்லை.

இப்போது ஒப்படையை வகுப்பிலேயே செய்விக்கிறேன். இரண்டு பாடவேளை, எல்லாருக்கும் ஒரே நேரம், நான் கொடுக்கிற தாள். சரிவராதவர்கள் இன்னொருமுறை எழுதலாம். இரண்டில் கூடிய புள்ளி பதிவாகும். பாடத்திட்டம் முடிக்க நேரம் இழுபறிதான், மறைக்கவில்லை. அதிபருக்கும் அவ்வளவு சந்தோசம் இல்லை, காட்சிக்கு வைக்க வடிவான கோப்பு இல்லையாம்.

இதை அறிவித்த அன்று பின்னேரம் ஒரு தாய் போன் எடுத்தார். “அப்ப நான் வாங்கி வச்ச கலர் பேப்பர என்ன செய்யிற டீச்சர்?”

பாடசாலைக்குத் தாங்க, சுவர்ப் பத்திரிகைக்கு உதவும் என்றேன். இன்னும் வந்து சேரவில்லை.