அத்தை கொடுத்த ஃபேன் ஓடவில்லை

(ஞாயிற்றுக்கிழமை, இரவு ஏழு மணி. அம்மா தஞ்சாவூரில். மகன் பெங்களூரில். படித்தது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங், பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. இப்படிப்பட்டவர்களுக்கு ஊரில் ஒரு சுவிட்ச் கெட்டுப்போனால் வருகிற உற்சாகமே தனி.)

மகன்: என்னம்மா, சாப்பிட்டாச்சா?

அம்மா: எங்கே சாப்பிடுவது? உளுந்து பாதி அரைபடும்போது கிரைண்டர் நின்றுவிட்டது. கரண்ட் இல்லை.

மகன்: சீரியல் சத்தம் கேட்கிறதே?

அம்மா: கூடத்தில் இருக்கிறது. அடுப்பங்கரையில்தான் இல்லை.

மகன்: பாதி கரண்ட்டா! இரு, இரு. நீ எதையும் தொடாதே. நான் சொல்கிறபடி செய்.

அம்மா: அதெல்லாம் வேண்டாம்டா, நான் ஏற்கெனவே...

மகன்: நாலு வருஷம் இதைத்தானே படித்தேன்? எதெல்லாம் ஓடுகிறது, எதெல்லாம் ஓடவில்லை, அதை மட்டும் சொல்.

அம்மா: உன் அப்பா வாங்கிய ஃபேன் ஓடுகிறது. கிரகப்பிரவேசத்துக்கு உன் அத்தை கொடுத்த ஃபேன் ஓடவில்லை. உன் மாமா ஆசையாக வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜ், பாவம், அதுவும் ஓடவில்லை.

மகன்: யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. எந்த அறை?

அம்மா: அத்தை கொடுத்ததை எந்த அறையில் மாட்டுவார்கள்? யாரும் படுக்காத பின் அறையில்தான்.

மகன்: சரி. முன்பக்கம் இருக்கிறது, பின்பக்கம் இல்லை.

அம்மா: பூஜை அறையில் வெளிச்சம் இருக்கிறதே. அது பின்பக்கம்தானே?

மகன்: அப்படியா! அது எப்படி? அந்த லைன் தனியாகப் போகிறதா?

அம்மா: விளக்கு ஏற்றியிருக்கிறேன்டா.

(மகன் தண்ணீர் குடிக்கிற சத்தம்.)

மகன்: சரி, ட்ரிப்பர் பெட்டியைத் திற. வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்ச் இருக்கும். எதாவது கீழே விழுந்திருக்கிறதா?

அம்மா: ஒரு பல்லி முட்டை விழுந்து கிடக்கிறது.

மகன்: சுவிட்ச்சம்மா, சுவிட்ச்!

அம்மா: எல்லாம் மேலேதான் இருக்கின்றன.

மகன்: நன்றாகப் பார். சில சமயம் விழுந்தது நடுவிலேயே நிற்கும், பார்க்க மேலே இருப்பது போலத் தெரியும். அப்படியே தூக்கினால் நிற்காது. முழுசாகக் கீழே தள்ளிவிட்டு அப்புறம்தான் தூக்க வேண்டும்.

அம்மா: உன்னைக் காலேஜுக்கு எழுப்பிவிட்ட மாதிரி.

மகன்: பக்கத்தில் ஒரு பெரிய சுவிட்ச் இருக்கும், டெஸ்ட் என்று ஒரு பொத்தானோடு. அது?

அம்மா: அதுவும் மேலேதான். தொட்டுக்கூடப் பார்த்துவிட்டேன், மாவுக் கையோடு.

மகன்: அம்மா! ஈரக் கையோடா? முதலில் கையைத் துடை! செருப்பைப் போடு! அது எதற்கு இருக்கிறது தெரியுமா? 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் போதும், உடனே விழுந்துவிடும். உயிரைக் காப்பாற்றுகிற சாமான் அது.

அம்மா: அது விழவில்லை. அப்படியென்றால் எங்கேயும் கசியவில்லை. அப்புறம் ஏன் கத்துகிறாய்?

(நாலு வருஷப் படிப்பு சற்று நேரம் மௌனமாக இருக்கிறது.)

மகன்: சரி, இதைக் கவனமாகக் கேள். கூடத்து விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிகிறதா? ஃபேன் வேகமாகச் சுற்றுகிறதா?

அம்மா: உன் அப்பா வாங்கிய ஃபேனா? வேகமாகவா?

மகன்: விளையாட்டில்லை. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், அறுந்திருந்தால் ஒரு அறையில் மங்கலாகும், இன்னொரு அறையில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைக்கும்கூட ஏறலாம். டிவி புகைந்துவிடும். அப்படி இருந்தால் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட வேண்டும்.

அம்மா: டிவியில் மருமகள் எப்போதும் அழுகிற அளவுக்குத்தான் அழுகிறாள். புகை ஒன்றும் வரவில்லை.

மகன்: அக்கம்பக்கத்தில்?

அம்மா: எதிர் வீட்டில் மாடியில் இருக்கிறது, கீழே இல்லை. கோடி வீட்டில் போர் மோட்டாரைப் போட்டார்கள். உர்ரென்று உறுமியது, சுற்றவில்லை. பயந்து அணைத்துவிட்டார்கள்.

மகன்: கண்டுபிடித்துவிட்டேன்! கேள். கம்பத்திலிருந்து நம் வீட்டுக்கு நாலு ஒயர் வருகிறது. கரண்ட் கொண்டுவருகிற ஃபேஸ் மூன்று, நியூட்ரல் ஒன்று. கூடம் ஒரு ஃபேஸில், அடுப்பங்கரையும் பின் அறையும் இன்னொன்றில். ஒரு ஃபேஸ் போனால் அதில் இருப்பது மட்டும் அணையும். மூன்று ஃபேஸும் கேட்கிற மோட்டார் உறுமத்தான் செய்யும், சுற்றாது. கோளாறு நம் வீட்டிலேயே இல்லை. டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃபியூஸ் போயிருக்கிறது!

அம்மா: ஆமாம், மஞ்சள்.

மகன்: என்ன மஞ்சள்?

அம்மா: மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்ன விளக்கு இருக்கிறதே. மஞ்சள் எரியவில்லை.

மகன்: அதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

அம்மா: நீ எங்கே அதைக் கேட்டாய்? பல்லி முட்டை வரைக்கும் கேட்டாய்.

மகன்: போகட்டும். அப்பா ஒரு சுவிட்ச் வைத்தாரே, திருகுகிற மாதிரி...

அம்மா: ஃபேஸ் மாற்றுகிறதா? தெரியுமே. கிரைண்டரை, ஃபிரிட்ஜை எல்லாம் அணைத்துவிட்டு நீலத்துக்குத் திருப்ப வேண்டும். நானே எத்தனையோ தடவை திருப்பியிருக்கிறேன்.

மகன்: பிறகு ஏன் திருப்பாமல் உட்கார்ந்திருக்கிறாய்?

அம்மா: போன மாதம் இப்படித்தான் மஞ்சள் போனது. தெருவே நீலத்துக்குத் தாவியது. அரை மணி நேரத்தில் நீலம் போனது. எல்லோரும் சிவப்புக்கு ஓடினோம். அது பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. லைன்மேன் தம்பி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, ஃபியூஸ் போடுகிற வரைக்கும் யாரும் திருப்பாதீர்கள்" என்று.

மகன்: அவருக்குச் சொல்லியாச்சா?

அம்மா: ஆறரைக்கே மின்வாரியத்தின் புகார் மையம், அந்த மின்னகத்துக்குப் போன் போட்டுவிட்டேன். 94987 94987, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். ஆள் கிளம்பிவிட்டாராம்.

மகன்: இதெல்லாம் தெரிந்துகொண்டு எதற்கம்மா என்னைக் கூப்பிட்டாய்?

அம்மா: நான் எங்கே கூப்பிட்டேன்? நீதானே கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்டாய்?

மகன்: ...சரி, அந்த மாவையாவது ஃபிரிட்ஜில் எடுத்து வை. புளித்துவிடப் போகிறது.

அம்மா: எந்த ஃபிரிட்ஜில்?

(சீரியல் சத்தம் சட்டென்று நிற்கிறது.)

மகன்: அம்மா? என்ன ஆச்சு? டிவியும் போய்விட்டதா?

அம்மா: எல்லாம் போய்விட்டது. எதிர் வீட்டுப் பையன் சென்னையிலிருந்து வந்திருக்கிறான். சிவப்புக்குத் திருப்பிவிட்டான் போல.

மகன்: விவரம் தெரியாதவனா?

அம்மா: சேச்சே. அவனும் இன்ஜினியர்தான்.