சவுண்ட் செக்குக்கு நேரம் குடுங்கோ!

கொழும்பில் திறந்தவெளி இசை மாலை வைக்கிற ஏற்பாட்டாளர்களே, மரத்தில் லைட் கட்ட முதல் நாளே ஆள் அனுப்புறீங்கள். சத்தத்தைச் சரிபார்க்கிற சவுண்ட் செக் மட்டும் ஏன் சனம் உள்ளே வந்து இருந்த பிறகு?

ட்ரீம் பொப், ஷூகேஸ் (shoegaze) மாதிரி, கிற்றார் சத்தம் எதிரொலியில் மிதக்கிற றொக்கில் பாட்டின் பாதி கிற்றார் கம்பியில் இல்லை, காலடியில் கிடக்கும், சத்தத்தை மாற்றுகிற பெடல்களில் இருக்கு. மண்டபம் என்றால் சுவராவது கொஞ்சம் எதிரொலி தரும். விகாரமகாதேவிப் பூங்கா மாதிரி வெட்டவெளியில் பெடல் தருகிற றிவேர்ப், அதாவது செயற்கை எதிரொலிதான் எல்லாம். அதையும் மிக்ஸரில் வைத்துக் கொன்றால் பிறகு கேட்க என்ன மிச்சம்?

பெடல்களை அடுக்கிய பெடல்போர்ட்டிலிருந்து இடம், வலம் என்று இரண்டு லைன் வரும். "ஒன்று காணும்" என்று ஒரு வயரை மட்டும் செருகுகிறார்கள். பிங்-பொங் டிலே என்கிற எதிரொலியில் ஒரு அடி இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். ஒரு லைனை விட்டால் எதிரொலியில் பாதி செத்துப்போச்சு. இரண்டு டிஐ பொக்ஸ் (லைனை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றுகிற பெட்டி), இரண்டு சனல், அவ்வளவுதான் வேணும். ஸ்பீக்கர் மோனோவில் ஓடினாலும் இரண்டையும் எடுங்கோ. ட்ரம்முக்குப் போடுகிற நொய்ஸ் கேட்டை, அதாவது சத்தம் குறைந்ததும் சனலை மூடிவிடுகிற கருவியை, கிற்றார் சனலிலும் போடுவது அதைவிடக் கொடுமை. மெல்ல அடங்க வேண்டிய சுரத்தை அது பாதியில் கத்தரித்து விடும்.

இந்த இசையில் பாடகர் கத்தமாட்டார். மைக்கின் கெயினை ஏற்ற, பாடகருக்குத் தன் குரலைக் கேட்க வைக்கிற மேடை ஸ்பீக்கரான மொனிட்டர் கூவும், உடனே குரலையே இறக்கி விடுவார்கள். முன்பக்கச் சத்தத்தையே கூடப் பிடிக்கிற கார்டியொயிட் மைக் என்றால் மொனிட்டரை மைக்கின் நேர் பின்னால் வையுங்கோ. அதைவிட ஒடுக்கமாகப் பிடிக்கிற சூப்பர்கார்டியொயிட் என்றால் பின்னால் சற்றுப் பக்கவாட்டில். குரலில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற தாழ்ந்த சத்தத்தை வெட்டுங்கோ. கூவுகிற அதிர்வெண்ணைத் தேடிப் பிடித்து அதை மட்டும் குறையுங்கோ. மொனிட்டருக்கு றிவேர்ப் அனுப்பவே வேண்டாம்.

மேடையிலிருந்து 30 மீற்றர் பின்னால் இன்னொரு சோடி ஸ்பீக்கர் வைத்தால், எங்கள் 30 பாகை வெக்கையில் மேடைச் சத்தம் அங்கே வந்துசேர ஏறத்தாழ 86 மில்லிசெக்கன் எடுக்கும். பின் ஸ்பீக்கரையும் அவ்வளவு நேரம் பிந்த வைக்கிற டிலேயைப் போடாவிட்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்கும். கூட ஒரு 10 மில்லிசெக்கன் சேர்த்தால் குரல் மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும்.

கோபத்தின் உச்சம் இதற்குத்தான்: ஆம்பில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்தால் 13 அம்பியர் பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றி விடுகிறார்கள். இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் ஆம்பில் ஒரு கோளாறு வந்தால் 230 வோல்ற் கிற்றார் கம்பிக்கே வரும். கை கம்பியில், உதடு மைக்கில், கால் ஈரப் புல்லில். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் கொழும்பில் இடியும் மழையும் சொல்லிக்கொண்டா வருகிறது? உயிரோடு விளையாடாதீங்கோ! பிளக்கின் எர்த்தைத் தொடாமல், டிஐ பொக்ஸில் இருக்கிற, சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கோ. மேடைக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து கறண்ட் எடுங்கோ. பெடல்களை ஒரே அடப்ரரில் மாலை மாதிரிக் கோர்க்காமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐசொலேற்றட் (மற்றதோடு தொடுக்காத) அவுட்புட் குடுங்கோ.

இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது. இப்போதும் அனுமதி தந்த நேரத்தோடு நிறுத்தத்தான் வேணும். அப்படியிருந்தும் தொடக்கம் பிந்துகிறது, சனத்துக்கு முன்னால் "செக், செக்" ஓடுகிறது, கடைசிக் குழுவுக்கு நாலு பாட்டோடு கறண்ட் கட். ரிக்கெற் எடுத்தவர்கள் அந்தக் குழுவுக்காகத்தானே வந்தார்கள்?

5 மணிக்குச் சனத்தை விடுவதென்றால் 2 மணிக்கே மேடை தயாராக இருக்கோணும். கடைசியாக வாசிக்கிற குழு முதலில் செக் பண்ணட்டும், முதலில் வாசிக்கிற குழு கடைசியில். அப்போது முதலில் வாசிக்கிற குழுவின் சாமான் அப்படியே மேடையில் நிற்கும். டிஜிட்டல் மிக்ஸர் என்றால் ஒவ்வொரு குழுவின் செற்றிங்கையும் தனி சீனாக (ஒரே தட்டில் திரும்ப எடுக்கிற பதிவாக) சேவ் பண்ணுங்கோ. கொத்துக் கடையை மிக்ஸருக்குப் பக்கத்தில் போடாமல் மற்றத் தொங்கலில் போடுங்கோ. தகரத்தில் கொத்துகிற சத்தத்துக்குள் சவுண்ட்காரரால் எதையும் கேட்டு மிக்ஸ் பண்ண ஏலாது.