அந்தப் படத்தப் பாத்து சிரிச்சவங்களுக்கு

மூணு நாளா பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், இன்னிக்கு சொல்லிடறேன். நான் போட்ட படம் எல்லாரும் பாத்தாச்சு. ஜெர்மனியில நான் வேலை பாத்த ஊர்ல உள்ள கிளைடிங் கிளப், அதாவது என்ஜின் இல்லாத விமானம் ஓட்டறவங்க கிளப். புயல் அடிச்சு ஷெட்டு கூரை பாதி பறந்து போச்சு, ரெண்டு கிளைடர் மல்லாந்து கெடக்கு, ஒண்ணுக்கு வால் முறிஞ்சு தொங்குது. அதப் பாத்துட்டு நம்ம ஊர் அண்ணாச்சி ஒருத்தர் "பணக்காரன் பொம்மை உடஞ்சா நமக்கென்ன மக்கா"ன்னு எழுதுனாரு. அவரு எழுதுனது கூட பரவாயில்ல, அதுக்கு வரிசையா சிரிச்சீங்க பாத்தீங்களா, அதுல என்கூட ஒரே பெஞ்சுல இருந்து படிச்சவனும் உண்டு, எனக்க சொந்தக்காரங்களும் உண்டு.

அது பொம்மை இல்ல அண்ணாச்சி. பணக்காரனுக்கும் இல்ல.

அந்த கிளப்ல யாரு இருக்கான்னு நான் சொல்றேன். தபால்காரர் ஒருத்தர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தங்க, ரெண்டு வாத்தியாரு, மிச்சம் பூரா பள்ளிக்கூடப் பிள்ளைங்க. அங்க 14 வயசு ஆனா தனியா கிளைடர் ஓட்டலாம், அதனால சனி ஞாயிறு ஆனா சைக்கிள மிதிச்சுக்கிட்டு வந்துடும். பறக்கணும்னா வேலை செய்யணும். குளிர்காலம் முழுக்க ஷெட்டுக்குள்ள நின்னு தேய்க்கணும், ஒட்டணும், பெயின்ட் அடிக்கணும், இத்தனை மணி நேரம்னு கணக்கே உண்டு. ஆள் வச்சு செய்யக் காசு இல்லாததாலதான் இப்படி. இந்த விளையாட்டு பெருகுனதே இல்லாமையிலதான். முதல் உலகப்போர் முடிஞ்சு ஜெர்மன்காரங்க என்ஜின் விமானம் செய்றதுக்குத் தடை வந்தப்போ, 1920ல வாசர்குப்பேங்கிற மலைக்கு மாணவப் பசங்க கட்டையும் துணியும் வச்சு செஞ்சதத் தூக்கிட்டுப் போயி என்ஜின் இல்லாம பறந்து பாத்தாங்க. நம்ம நாட்லயும் செஞ்சிருக்கோம், அஸ்வினி, ரோகிணி, ஆர்த்ரான்னு நட்சத்திரப் பேர் வச்சு. ஆர்த்ரான்னா நம்ம திருவாதிரை. புனே ஹடப்சர்ல அரசாங்கமே கிளைடிங் சொல்லிக் குடுத்திருக்கு.

நான் எப்படி அங்க போய்ச் சேந்தேன்னு பல பேருக்குத் தெரியாது. போன முதல் வருஷம் பாஷை தெரியாது, ஷிப்ட் முடிஞ்சா ரூம், ரூம் விட்டா ஷிப்ட். ஒருநாள் கூட வேலை பாக்கறவன் பேச்சுவாக்குல ஒரு போட்டோ காட்டுனான், கிளைடர் இறக்கையில விரிசல். நான் சொன்னேன், இது பைபர்தானே, எங்கப்பா மீன்பிடி வள்ளத்துல இத நான் எத்தன தடவை ஒட்டியிருக்கேன். அவன் நம்பல. சனிக்கிழமை கூட்டிட்டுப் போனான். அங்க வயசானவரு ஒருத்தரு ஒரு நாணயத்த எடுத்து இறக்கைய தட்டித் தட்டிக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. நல்ல இடம்னா கணீர்னு கேக்கும், உள்ள ஒட்டு விட்டுப் போயிருந்தா சத்தம் செத்துப் போகும். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஏன்னா முட்டத்துக்குப் பக்கம் கடற்கரையில எங்கப்பா ஒத்த ரூவா காச வச்சு அப்படியேதான் தட்டுவாரு. அன்னிக்குச் சாயங்காலம் ரெசின் பசையும் பைபர் துணியும் எனக்க கையில குடுத்துட்டாங்க. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் தேய்ச்ச இறக்கைதான் இப்ப நீங்க சிரிச்ச படத்துல இடது பக்கம் கெடக்கறது.

இனி "கட்டிப் போட்டிருக்கலாம்ல"ன்னு கேட்ட தம்பிக்கு. கட்டித்தான் போட்டிருந்தாங்க. ஏஎஸ்கே 21னு ஒரு கிளைடர், ரெண்டு பேர் உக்காரலாம், இறக்கை நுனிக்கு நுனி 17 மீட்டர், வெறும் வண்டியா எடை 360 கிலோதான், ரெண்டு புல்லட் வண்டி கனம்னு வச்சுக்க. அது மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்துலயே காத்துல நிக்கும். அப்போ எதிர்ல 65ல காத்து அடிச்சா நிறுத்தி வச்ச வண்டிக்கும் பறக்கற வண்டிக்கும் வித்தியாசமே கெடையாது, அது எந்திரிச்சிரும். காத்து ரெண்டு மடங்கு ஆனா தூக்குற விசை நாலு மடங்கு. எந்தக் கயிறு தாங்கும்? முப்பந்தல்ல ஆடிக் காத்துக்கு நடுவுல வளந்தவன்தானே நீ, ஆரல்வாய்மொழி தாண்டும்போது பைக்க அது எப்படித் தள்ளும்னு உனக்குத் தெரியாதா? அங்க கரண்டு எடுக்கற காத்தாடியே காத்து ரொம்ப மிஞ்சுனா இறக்கையத் திருப்பிக்கிட்டு நின்னுரும். கிளைடருக்கு அப்படி ஒரு வழி இல்ல. இடிமழைக்கு முன்னாடி வர்ற காத்து பத்து நிமிஷம் கூட டைம் தராது. ஷெட்டு கதவு ஒண்ணு பெயர்ந்து காத்து உள்ள ஏறிச்சுன்னா கூரைய கீழ இருந்து தள்ளிரும், அதுதான் நடந்தது.

இன்சூரன்ஸ் வரும்னு சொன்னவங்க வள்ளம் உடஞ்சு ஒரு தடவை ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு பாத்துட்டு வந்து பேசுங்க.

"மீன்பிடிக்கற வள்ளமும் பொழுதுபோக்குக் கிளைடரும் ஒண்ணா"ன்னு அக்கா ஒருத்தங்க கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஒண்ணு இல்லக்கா. கிளைடர் உடஞ்சதுனால அங்க யார் வீட்லயும் அடுப்பு அணையல, அத நான் மறைக்கல. ஆனா நான் காசா கேட்டேன்? சிரிக்காதீங்கன்னுதான் சொல்றேன். ஒரு மனுஷன் கையால தேய்ச்சுத் தேய்ச்சு உண்டாக்கினது மல்லாந்து கெடக்குது, அதப் பாத்து சிரிப்பு எப்படிக்கா வரும், அதுவும் நமக்கு, நம்ம ஊர்க்காரங்களுக்கு?

ஒக்கி மறந்துருச்சா? 2017 நவம்பர் 30. அது புயல்னு நமக்குச் சொன்னப்போ தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரங்க எத்தனையோ பேரு ஆழ்கடல்ல இருந்தாங்க. மேற்க ரப்பர் மரம் பூரா முறிஞ்சு கெடந்துச்சு, வாழை படுத்துருச்சு, நாள் கணக்கா கரண்டு இல்ல. எங்கப்பா வள்ளத்த அலை தூக்கி, கரையக் காக்கக் கடலுக்குள்ள போட்டிருக்கற தூண்டில் வளைவு கல்லுல அடிச்சு ரெண்டாக்கிருச்சு. ரெண்டு வாரம் கழிச்சு மனு குடுக்க ஒரு ஆபீஸுக்குப் போனோம். அங்க இருந்தவரு பேப்பரக் கூடப் பாக்காம, "ஒழுங்காக் கட்டிப் போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா"ன்னு கேட்டு பக்கத்து சீட்டுக்காரரப் பாத்து சிரிச்சாரு. எங்கப்பா பதில் ஒண்ணும் சொல்லல. பஸ்ஸுல வரும்போதும் பேசல. வீட்டுக்கு வந்து நேரா கடற்கரைக்குப் போயி, உடஞ்ச வள்ளத்துல மிச்சம் இருந்த பாதிய அந்த ஒத்த ரூவாய வச்சுத் தட்டிக்கிட்டே இருந்தாரு, இருட்டற வரைக்கும். அது இனி கடலுக்கு ஆகாதுன்னு அவருக்குத் தெரியும்.

அந்த ஆபீஸ் சிரிப்பத்தான் மூணு நாளா எனக்க படத்துக்குக் கீழ பாக்கறேன். அண்ணாச்சி, உங்க வாழைத் தோப்பு ஒக்கியில படுத்தப்போ மரம் வெட்டி ஒதுக்க வந்தவங்கள்ல நானும் ஒருத்தன். நாங்க யாரும் சிரிக்கல.

படத்த எடுத்துருன்னு ரெண்டு பேரு போன் பண்ணிச் சொன்னாங்க. எடுக்க மாட்டேன். நேத்து ராத்திரி அந்தப் பெரியவர் வீடியோ கால்ல வந்தாரு, இடது இறக்கைய தட்டிக் காட்டுனாரு, நடுவுல ஒரு முழம் சத்தம் செத்துக் கெடக்கு, மிச்சம் கணீர்னு இருக்கு. ஒட்டிரலாம்னு சொல்லியிருக்கேன்.