ரிசார்ட்டுக்குள்தானே என்று பீக்கனை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்

போன வாரம் நம் பே ஏரியா ஸ்கீயிங் வாட்ஸாப் குழுவில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, நீங்க ரிசார்ட்லயே பீக்கன் கட்டிக்கிட்டுப் போறீங்களாமே? அது பேக்கன்ட்ரி போறவங்களுக்குத்தானே?" பீக்கன் என்பது பனிச்சரிவில் புதைந்தால் நாம் இருக்கும் இடத்தைச் சிக்னலால் காட்டிக்கொடுக்கும், உடம்பில் கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. பேக்கன்ட்ரி என்பது ஸ்கீ ரிசார்ட்டின் எல்லைக்கு வெளியே உள்ள மலை. இரண்டு வரியில் பதில் போட்டேன். மனசு ஆறவில்லை, அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

ஆமாம், கட்டிக்கொண்டுதான் போகிறேன். புயலடித்துப் புதுப்பனி குவிந்த நாளில், மேலே செங்குத்தான சரிவுகளுக்குப் போவதென்றால் கட்டாயம். பிள்ளைகளோடு கீழே எளிதான பச்சைத் தடங்களில் சுற்றும் நாளில் கட்டுவதில்லை.

2024 ஜனவரி 10-ஆம் தேதியை நம் குழுவில் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். கலிஃபோர்னியாவின் பாலிசேட்ஸ் டாஹோ ரிசார்ட்டில் கேடி-22 என்ற நாற்காலி லிஃப்ட் அந்த சீசனில் முதல்முறையாகத் திறந்த காலை. ஒன்பதரை மணி வாக்கில் அந்த லிஃப்டுக்குக் கீழே பனி சரிந்தது. 150 அடி அகலம், 450 அடி நீளம், 10 அடி ஆழம். நான்கு பேர் சிக்கினார்கள், ஒருவர் இறந்துபோனார். நான் அன்று அலுவலகத்தில் இருந்தேன். "யார் யார் இன்னிக்கு மலையில?" என்று குழுவில் கேட்டோம். ஒவ்வொருவராக "நான் ஓகே" என்று போட்டார்கள். ஒருவரிடமிருந்து மட்டும் பதினொன்றரை மணிவரை பதில் இல்லை. அவருடைய போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போனது என்பது எங்களுக்குத் தெரியும்.

அது ரிசார்ட்டின் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போனவர்களுக்கு நடந்த விபத்து இல்லை. ரிசார்ட்டின் பாதுகாப்புக் குழுவான பேட்ரோல்காரர்கள் சில நாட்களாகவே பனிச்சரிவுத் தடுப்பு வேலை பார்த்துவந்த, முறைப்படி திறந்துவிட்ட சரிவு. மறுநாளே பக்கத்து ஆல்பைன் மெடோஸிலும், எல்லைக்கு உள்ளேயே, இன்னொரு பனிச்சரிவு. நல்லவேளையாக யாரும் சிக்கவில்லை.

பேட்ரோல்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாம் தூங்கி எழும் முன்பே இருட்டில் மேலே ஏறி, பனியை முன்கூட்டியே சரியவைக்க வெடி வைப்பவர்கள் அவர்கள். அவர்களால்தான் ரிசார்ட்டுக்குள் சாவு இவ்வளவு குறைவு. அமெரிக்காவில் வருடத்துக்கு 25, 30 பேர் பனிச்சரிவில் இறக்கிறார்கள் என்றால், அதில் ஏறக்குறைய எல்லோருமே ரிசார்ட்டுக்கு வெளியே போனவர்கள்தான். ஆனால் குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. அடியில் ஒரு பலவீனமான அடுக்கு, அதன்மேல் காற்று கொண்டுவந்து கொட்டிய பாரம். வெடிக்கு அசையாமல் நின்ற சரிவு, பத்துப் பேர் இறங்கிய பிறகு பதினோராவது ஆளுக்கு விட்டுக்கொடுக்கலாம். 2020 ஜனவரியில் ஐடஹோவின் சில்வர் மவுன்டனில் மூன்று பேர் இறந்ததும் எல்லைக்குள்தான். மூன்றாமவரின் உடல் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது.

இப்போது அந்தத் தம்பியின் அடுத்த கேள்வி. "கூட வர்றவங்ககிட்ட பீக்கன் இல்லன்னா நான் மட்டும் போட்டு என்ன பயன்?" பேக்கன்ட்ரியில் இது சரியான கேள்வி. அங்கே உங்களைத் தேட உங்கள் கூட்டாளியை விட்டால் நாதி கிடையாது. ரிசார்ட்டில் நிலைமை தலைகீழ். பேட்ரோல், மோப்ப நாய்கள், புரோப் (பனியைக் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (பனி அள்ளும் மண்வெட்டி) எல்லாம் சில நிமிடத் தூரத்தில் இருக்கின்றன. பேட்ரோல்காரர்களிடம் பீக்கனும் இருக்கிறது. பாலிசேட்ஸில் அன்று நூறு பேருக்கு மேல் தேடினார்கள். ரிசார்ட்டில் ஆள் பலத்துக்குக் குறை இருக்காது. எங்கே தோண்டுவது என்று தெரியாவிட்டால்தான் சிக்கல். அதைச் சட்டென்று சொல்லக்கூடியது உங்கள் நெஞ்சில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிதான்.

2019 ஜனவரியில் நியூ மெக்சிகோவின் டாவோஸ் ரிசார்ட்டில் இரண்டு பேர் புதைந்தபோது ஏராளமானவர்கள் ஓடிவந்து வரிசையாக நின்று, நீளக் கம்பிகளால் பனியைக் குத்திக் குத்தித் தேடினார்கள். கண்டுபிடிக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. இருவருமே பிழைக்கவில்லை. முழுக்கப் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். எனக்கு இந்தக் கணக்குப் போதும்.

"என் ஜாக்கெட்ல ரெக்கோ இருக்கே" என்பார்கள் சிலர். தேடும் கருவியின் சிக்னலைத் திருப்பி அனுப்பும், துணியில் தைத்த சின்னத் தகடு அது. நல்லதுதான், இருக்கட்டும். 1973-இல் ஸ்வீடனின் ஓரே மலையில் நடந்த ஒரு பனிச்சரிவுக்குப் பிறகு பிறந்த யோசனை அது. ஆனால் அது தானாகச் சத்தம் போடாது. அதற்கென்று உள்ள கருவியைப் பேட்ரோல் எடுத்துவந்து தேடினால்தான் பதில் சொல்லும். பீக்கன் அப்படியில்லை. நீங்கள் மயங்கிக் கிடந்தாலும் 457 கிலோஹெர்ட்ஸில் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பீக்கனோடு நிற்கும் யாருக்கும் கேட்கும்.

வாங்கிப் பெட்டியோடு வைத்தால் ஆகாது, பழக வேண்டும். போன பிப்ரவரியில் நானும் மைத்துனரும் ஒரு பயிற்சித் திடலில் இதைச் செய்து பார்த்தோம். ஒரு பழைய முதுகுப் பையில் போர்வையைத் திணித்து, உள்ளே பீக்கனை வைத்து, நான்கடி ஆழத்தில் அவர் புதைத்தார். நான் என் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றித் தேடினேன். அதன் திரையில் தெரியும் அம்புக்குறி நேராகக் கொண்டுபோகாது, வளைத்து வளைத்துத்தான் கூட்டிப்போகும். தூரம் முதலில் 38 மீட்டர் என்று காட்டியது, அப்புறம் 20, 9. அந்த இடத்தில் நான் அவசரப்பட்டு ஓடினேன். எண் மறுபடி 14-க்கு ஏறியது. திரும்பி வந்து முழங்காலிட்டு, பீக்கனைப் பனியை ஒட்டிப் பிடித்து நகர்த்தினால் 1.3. புரோப்பை இறக்கினேன். பனிக்குள் இறங்குவது ஒரு மாதிரி இருக்கும், தரையில் இடித்தால் டக்கென்று நிற்கும். பையில் பட்டதும் இரண்டும் இல்லாமல் மெத்தென்று திருப்பித் தள்ளியது. அதைக் கை ஒருமுறை உணர்ந்துவிட்டால் மறக்காது. ஆனால் தோண்டி எடுக்க ஏழு நிமிடம் ஆகிவிட்டது. மேலே நின்று நேராகக் குழி தோண்டினேன். சரிவின் கீழ்ப்பக்கம் இறங்கி நின்று உள்நோக்கி வெட்டிப் போக வேண்டும் என்று மைத்துனர் காட்டியபிறகு, அடுத்த தடவை நேரம் பாதியாகக் குறைந்தது.

இன்னொன்று, போன். பீக்கனுக்கு அருகில் போனை வைக்காதீர்கள். அனுப்பும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சூடேறும் கையுறைகளும் சிக்னலைக் குழப்பும். ஷவல் உள்ள முதுகுப் பையை லிஃப்டில் ஏறும் முன் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வார் நாற்காலியில் மாட்டினால் அது தனி ஆபத்து.

மொன்டானாவில் பிரிட்ஜர் பௌல் ரிசார்ட்டில் சில பகுதிகளுக்குப் பீக்கன் இல்லாமல் போகவே முடியாது. அதே மாநிலத்தில் பிக் ஸ்கை ரிசார்ட்டின் பிக் குலுவார் என்ற செங்குத்தான மலை இடுக்குக்கும் அப்படித்தான். டாஹோவிலும் புயல் முடிந்த நாட்களில் மேல் லிஃப்டுகளுக்கு இதே விதி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலை அதிகம் என்பார்கள். முந்நூறு, நானூறு டாலர் சிறிய தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால் வாடகைக்கும் கொடுக்கட்டும். கொலராடோ உச்ச நீதிமன்றம் 2016-இலேயே சொல்லிவிட்டது, ரிசார்ட்டுக்குள் வரும் பனிச்சரிவும் ஸ்கீயிங்கோடு ஒட்டிவரும் ஆபத்துகளில் ஒன்று என்று. ஆபத்து நம் பொறுப்பு என்றால் கருவியும் நம்மிடம் இருக்க வேண்டாமா?

என்னிடம் பீக்கன் இரண்டு இருக்கின்றன. டிசம்பரில் முதல் நல்ல பனி விழுந்ததும் வரும் சனிக்கிழமை, மைத்துனரும் நானும் மறுபடி பையைப் புதைக்கப் போகிறோம். வர விருப்பமுள்ளவர்கள் கமென்ட்டில் பெயர் போடுங்கள். தம்பி, உங்களுக்கு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். புது பேட்டரி மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.